நோயாளியிடம் ‘யூ ஆர் ஃப்ரஸ்ட்ரேட்டிங்’ என்று சொன்ன பிறகு

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.க்குப் பணம் கட்டப்போகிற நர்ஸ்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலப் பரீட்சை எழுதுபவர்களும், ஆங்கிலத்தில் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் படிக்கலாம், அவர்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. போர்ட் – போரிங், டயர்ட் – டயரிங், கன்ஃப்யூஸ்ட் – கன்ஃப்யூசிங் என்று ஜோடி ஜோடியாக வரும் சொற்களைப் பற்றியதுதான் விஷயம். இதற்குப் போய் இவ்வளவு நீளமா என்று தோன்றலாம். பரீட்சைக் கட்டணம், கோச்சிங், சென்னைக்குப் போய்வந்த செலவு, சம்பளமில்லாத விடுப்பு என்று எனக்குப் போனது ஐம்பதாயிரத்துக்கு மேல். அது எல்லாமே இந்த ஒரு விஷயத்தால் போனது என்று சொல்ல மாட்டேன். பெரிய பங்கு இதற்கு உண்டு.

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். யூகே போக வேண்டுமானால் அங்கே உள்ள நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிய வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டியிருக்கும். ஓ.இ.டி. என்றால் லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் ‘பி’ கிரேடு, அதாவது 500க்கு 350. ரைட்டிங்கில் மட்டும் ‘சி ப்ளஸ்’, 300 இருந்தால் போதும். நான் எழுதியபோது கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அம்மா போட்டிருந்த சீட்டை எடுத்துத்தான் கட்டினோம். கோச்சிங்குக்கு என் சம்பளத்தில் இருந்து தவணை.

ஸ்பீக்கிங்தான் எனக்குச் சுலபம் என்று நம்பியிருந்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அந்தப் பகுதியில் இரண்டு ரோல்-ப்ளே. ஒரு கார்டு தருவார்கள், படித்துப் பார்க்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார். அவர் மார்க் போடுபவர் இல்லை. பேச்சு பதிவாகி, வேறு இடத்தில் இருக்கும் மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். எனக்கு நோயாளியாக வந்தவர், டிஸ்சார்ஜ் தள்ளிப்போகிறதே என்று எரிச்சலில் இருப்பதாக நடித்தார். கோச்சிங்கில் முதலில் பரிவு காட்டு, அப்புறம் விஷயத்துக்கு வா என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, ‘ஐ கேன் அண்டர்ஸ்டாண்ட், யூ ஆர் வெரி ஃப்ரஸ்ட்ரேட்டிங்’ என்றேன். அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியது. ஒரு நொடிதான். பிறகு பழையபடி நடிக்க ஆரம்பித்துவிட்டார். என் நடிப்பு அவருக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்னதற்கு அர்த்தம், ‘புரிகிறது, உங்களோடு மல்லுக்கட்டுவது பெரிய தொல்லை’ என்பது.

ரிசல்ட் வந்தபோது மற்ற மூன்றும் தேறியிருந்தன. ஸ்பீக்கிங் 330. ரிசல்ட் தாளில் எண்ணும் கிரேடும்தான் இருக்கும், எங்கே சறுக்கினாய் என்று ஒரு வரிகூட இருக்காது. மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்கும் பணம். நான் அன்றைக்கு நைட் டியூட்டியில் அழவும் முடியாமல் ஐ.வி. மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கோச்சிங் சாரைக் கேட்டால், ‘உனக்கு ஆக்சென்ட் பத்தலைம்மா’ என்று சொல்லி ஆக்சென்ட் வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார். அதற்குத் தனிக் கட்டணம். அந்த வகுப்பில் நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் எந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

முதல் பாடம் இங்கேதான். ஸ்பீக்கிங்கில் போனால், அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் குரலை போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, சொன்னதைச் சொன்னபடி ஒரு நோட்டில் எழுதுங்கள். கேட்கும்போது நம் மூளை நாம் சொல்ல நினைத்ததைத்தான் கேட்கும், எழுதினால்தான் சொன்னது தெரியும். நான் எழுதிப் பார்த்த பக்கங்களில் ‘டோன்ட் பி வொரியிங்’, ‘ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டிங் டு ஹெல்ப் யூ’, ‘ஆர் யூ கன்ஃப்யூசிங்?’ என்று வரிசையாக நின்றன. கடைசியில் உள்ளதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. ‘நீங்கள் குழப்பம் உண்டாக்குகிற ஆளா?’ என்று சர்க்கரை நோயாளியைக் கேட்டிருக்கிறேன்.

ஏன் இப்படி வருகிறது என்று யோசித்ததில், காரணம் நம் பேச்சிலேயே இருந்தது. ‘படம் போரா இருக்கு’ என்கிறோம், ‘எனக்கு போரா இருக்கு’ என்கிறோம். கொடுக்கிற படத்துக்கும் வாங்கிக்கொள்கிற எனக்கும் ஒரே ‘போரா இருக்கு’. குழப்பம், கவலை, பயம், எரிச்சல் எல்லாமே இப்படித்தான் ஓடும். ஆங்கிலம் அந்த இடத்தில் இரண்டு சொல் கேட்கிறது. உணர்ச்சியைக் கொடுப்பதற்கு ‘இங்’ (-ing) என்று முடியும் சொல், வாங்கிக்கொள்வதற்கு ‘ஈடி’ (-ed) என்று முடியும் சொல். (ஈடி என்றதும் ரெய்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) இது போதாதென்று நாம் பேசுகிற தங்கிலீஷ் வேறு. ‘எனக்கு ரொம்ப இரிட்டேட்டிங்கா இருக்கு’ என்று தினமும் பத்து தடவை சொல்கிறோம். தமிழில் அது தப்பில்லை, ‘எனக்கு’ என்ற சொல் காப்பாற்றிவிடுகிறது. அதை அப்படியே ‘ஐ ஆம் வெரி இரிட்டேட்டிங்’ என்று ஆங்கிலமாக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது.

பள்ளிக்கூடமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஐ ஆம் ஈட்டிங், ஐ ஆம் கோயிங், ஐ ஆம் ரீடிங் என்று வகுப்பு முழுக்கக் கத்திக் கத்தி, ‘ஐ ஆம்’ என்று வாய் திறந்தாலே அடுத்து ‘இங்’ தானாக வந்து விழும். அதோடு, ‘ஈடி’ என்றால் இறந்தகாலம் என்று மனதில் பதிந்திருக்கிறது. இப்போது எனக்கு போர் அடிக்கிறது, நேற்று இல்லையே, அப்புறம் எதற்கு ‘போர்ட்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை நம்பாதீர்கள். இந்தச் சொற்களில் காலமே கிடையாது. காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் ஆம், வாஸ், வில் பி. ‘ஐ வில் பி டிஸப்பாயின்டட்’ என்றால் நாளைய ஏமாற்றம்.

சரி, விதியைக் கற்றுக்கொள்வோம் என்று தேடியபோது எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: ஆளுக்கு ‘ஈடி’, பொருளுக்கு ‘இங்’. கோச்சிங் சாரும் அதையே சொன்னார். மனப்பாடம் செய்தேன். அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகம் படுத்தும், ஏனென்றால் தினசரி வாக்கியங்களில் சரியாக வந்துகொண்டே இருக்கும், முக்கியமான இடத்தில் காலை வாரிவிடும். பயிற்சி ரோல்-ப்ளே ஒன்றில் நோயாளி, ‘த லாஸ்ட் டாக்டர் வாஸ் வெரி கன்ஃப்யூசிங்’ என்றார். ஆளுக்கு ‘இங்’ வராதே என்ற நினைப்பில் நான் அதை ‘டாக்டர் குழம்பிப் போயிருந்தார்’ என்று எடுத்துக்கொண்டு, டாக்டருக்கு வேலைப்பளு என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சொன்னது, டாக்டர் விளக்கியது தலையைச் சுற்ற வைத்தது, எனக்குப் புரியவில்லை என்று. நான் செய்திருக்க வேண்டியது மறுபடி எளிமையாக விளக்குவது. அவர் கேட்காமல் கேட்டதே அதைத்தான்.

ஆக, ஆளுக்கும் ‘இங்’ வரும். போரிங்கான வாத்தியார் உண்டு, அனாயிங்கான பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. அதேபோல் உயிரில்லாத பொருளுக்கும் ‘ஈடி’ வரும். எ வொரீட் லுக், எ டயர்ட் வாய்ஸ், எ ஃப்ரைட்டண்ட் ஃபேஸ். பார்வை, குரல், முகம் எல்லாம் பொருள்தானே என்று ‘வொரியிங் லுக்’ என்று எழுதினால், அந்தப் பார்வையைப் பார்த்து நாம் கவலைப்பட வேண்டும் என்று ஆகிவிடும். கவலை யாருடையது என்பதுதான் கேள்வி, ஆளா பொருளா என்பது இல்லை.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது தமிழ் வேற்றுமை உருபு. நான்காம் வேற்றுமை ‘கு’. சொல்ல நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். யாரோடு ‘கு’ ஒட்டுகிறதோ அவர் ‘ஈடி’. நோயாளிக்குக் குழப்பமாக இருக்கிறது: த பேஷண்ட் இஸ் கன்ஃப்யூஸ்ட். மகளுக்கு பயமாக இருக்கிறது: ஷி இஸ் ஃப்ரைட்டண்ட். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு யாருக்கோ கவலை. அப்படியானால் த ரிப்போர்ட் இஸ் வொரியிங். டாக்டர் விஷயத்தில், குழப்பம் டாக்டருக்கா எனக்கா என்று கேட்டால் விடை உடனே வந்துவிடும். ‘மனைவி கவலையாக இருக்கிறார்’ என்று ‘கு’ இல்லாமலும் சொல்வோம், அங்கே ஏமாறாதீர்கள். ‘மனைவிக்குக் கவலை’ என்று மாற்றிச் சொல்ல வருகிறதல்லவா, அது போதும்.

இன்னொரு வழியும் உண்டு, இலக்கணம் பிடித்தவர்களுக்கு. குழம்பு – குழப்பு, திருந்து – திருத்து என்று தமிழில் தன்வினை, பிறவினை ஜோடி இருக்கிறதே, அதே வித்தியாசம்தான். குழம்பியவர் கன்ஃப்யூஸ்ட், குழப்புபவர் கன்ஃப்யூசிங். பயந்தவர் ஃப்ரைட்டண்ட், பயமுறுத்துவது ஃப்ரைட்டனிங். எட்டாம் வகுப்பில் தமிழம்மா இதை நடத்தும்போது நான் தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். ரோல்-ப்ளே நடுவில் இதையெல்லாம் யோசிக்க நேரம் கிடைக்காது, ஆகவே அங்கே ‘கு’தான் வேகமானது.

ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ‘ஷி இஸ் வொரியிங் அபவுட் ஹெர் சன்’ என்று யாராவது எழுதினால் தப்பென்று பாயாதீர்கள். அங்கே ‘வொரியிங்’ வினைச்சொல், ஈட்டிங், கோயிங் மாதிரி, மகனை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். வொரி என்ற வினைக்கு இரண்டு வேலையும் தெரியும், கவலைப்படவும் செய்யும், கவலைப்படுத்தவும் செய்யும். போர், கன்ஃப்யூஸ், ஃப்ரஸ்ட்ரேட் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கன்ஸர்ன் என்பதை நர்ஸ்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஹிஸ் பிளட் பிரஷர் இஸ் கன்ஸர்னிங் என்றால் சரி, பி.பி. கவலை தருகிறது. அவருக்கு டிஸ்சார்ஜ் பற்றிக் கவலை என்றால் ஹி இஸ் கன்ஸர்ண்ட் அபவுட் ஹிஸ் டிஸ்சார்ஜ். ‘ஹி இஸ் கன்ஸர்னிங் அபவுட்’ என்று ரைட்டிங் பகுதிக்கான ஒரு பயிற்சிக் கடிதத்தில் எழுதியிருந்தேன், திருத்தியவர் பார்க்காமலே டிக் போட்டிருந்தார். அந்த டிக்குக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

பரீட்சையை விடுங்கள், வார்டில் இது விளையாட்டே இல்லை. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் நோயாளியின் பேச்சுக்கு அதிகபட்சம் 5. கேட்டதற்கு பதில் சொல்கிறார், ஆனால் இடம், நாள் தெரியாமல் பேசுகிறார் என்றால் 4, அதன் பெயரே ‘கன்ஃப்யூஸ்ட்’. யூகே வார்டுகளில் நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்க நியூஸ்-2 என்ற சார்ட் வைத்திருக்கிறார்கள். அதில் புதிதாகக் குழப்பம் வந்திருக்கிறது என்றால் அதற்கு மட்டுமே 3 புள்ளி, டாக்டரைக் கூப்பிட வேண்டிய அளவு. அப்படிப்பட்ட இடத்தில் ‘பேஷண்ட் இஸ் கன்ஃப்யூசிங்’ என்று அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஹேண்டோவர் கொடுத்தால், அந்த ஆள் என்னைக் குழப்புகிறார் என்று நான் புகார் சொல்வதாக ஆகும். ‘டிப்ரெஸ்ட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘டிப்ரெஸிங்’ என்று எழுதினால், இந்த நோயாளியைப் பார்த்தாலே மனசு சோர்ந்துபோகிறது என்று கேஸ் ஷீட்டில் பதிந்ததாகும்.

உணர்ச்சி இல்லாத சொற்களிலும் இதைப் போன்ற கணக்கு ஓடுகிறது: நடந்துகொண்டிருப்பது ‘இங்’, பட்டுவிட்டது ‘ஈடி’. பிளீடிங் வூண்ட், ரத்தம் கசிந்துகொண்டிருக்கிற புண். இன்ஃபெக்டட் வூண்ட், கிருமி பிடித்துவிட்ட புண். எரிச்சலாக வலிக்கிறது என்றால் பர்னிங் பெயின், தீயில் வெந்த கை என்றால் பர்ன்ட் ஹேண்ட். கால் வீங்கியிருக்கிறது என்றால் ஸ்வோலன். இதற்கு ‘ஈடி’ வடிவம் பேச்சில் பழக்கமில்லை. ஸ்வெல்லிங் என்று பெயர்ச்சொல்லாகச் சொல்லலாம், ‘தேர் இஸ் ஸ்வெல்லிங் இன் த லெஃப்ட் லெக்’ என்று.

ரோல்-ப்ளேக்கு நான் பழகிக்கொண்டது இரண்டே அச்சு. ஒன்று ஆளை வைத்து: ‘யூ மஸ்ட் பி ஃபீலிங் ஃப்ரஸ்ட்ரேட்டட்.’ இன்னொன்று நிலைமையை வைத்து: ‘திஸ் மஸ்ட் பி வெரி ஃப்ரஸ்ட்ரேட்டிங் ஃபார் யூ.’ இரண்டும் சரி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் ‘ஃபார் யூ’ வருகிறது பாருங்கள், அது நம்முடைய ‘உங்களுக்கு’தான், வாயில் தமிழ் போலவே வந்து உட்காரும். டென்ஷனில் ‘இங்’ தானாக வந்து விழுகிற ஆளாக நீங்கள் இருந்தால், வாக்கியத்தை ‘திஸ்’ அல்லது ‘இட்’ என்று ஆரம்பித்துவிடுங்கள், உங்கள் கெட்ட பழக்கமே சரியாகிவிடும். ‘ஈடி’ சொற்களுக்குப் பின்னால் வரும் சின்னச் சொற்களைச் சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது: இன்ட்ரெஸ்டட் இன், வொரீட் அபவுட், டயர்ட் ஆஃப், ஃப்ரைட்டண்ட் ஆஃப், சாட்டிஸ்ஃபைட் வித். தனியாகப் படித்தால் ஒட்டாது.

அடுத்தது ஒலி. இதை யாரும் சொல்வதில்லை. சொல் சரியாகத் தெரிந்தும், கடைசி ‘ட்’டை நாம் விழுங்கிவிடுகிறோம். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிகிற வழக்கம் இல்லை, அதனால் ஒன்று ‘டயர்டு’ என்று உகரம் சேர்ப்போம், இல்லையென்றால் ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்’ என்று வெட்டிவிடுவோம். பதிவில் கேட்பவருக்கு விழுங்கிய ‘ட்’ தெரியாது, இலக்கணப் பிழை என்றே எடுத்துக்கொள்வார். வேர்ச்சொல் ஆங்கில t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும்தான் தனி அசை வரும்: ஃப்ரஸ்ட்ரேட்டிட், இன்ட்ரெஸ்டிட், எக்ஸ்ஹாஸ்டிட் எல்லாம் அப்படி. ஸ்ட்ரெஸ்ட், டிப்ரெஸ்ட், ஷாக்ட் இவற்றில் அழுத்தமான ‘ட்’ மட்டும், நடுவில் உயிரெழுத்து இல்லை. டயர்ட், போர்ட், வொரீட் போன்றவற்றில் மென்மையான ‘ட்’. நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன், அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்கி இரண்டையும் ஒட்டிச் சொல்வது. ‘வொரீட்-அபவுட்’, ‘டயர்ட்-ஆஃப்’ என்னும்போது ‘ட்’டை விழுங்க வழியே இல்லை. ஆக்சென்ட் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பணத்தைப் பற்றி இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ‘கு’ விளையாட்டு விளையாடிப் பழகினேன். கண்டக்டர் சில்லறை இல்லாமல் கத்துகிறார்: கண்டக்டர் அனாய்ட், பாசஞ்சருக்கு கண்டக்டர் அனாயிங். ஒரே ஆளுக்கு இரண்டும் பொருந்துகிற இடங்களைத் தேடிப் பிடித்தால் மனதில் நன்றாக நிற்கும். புத்தகத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பியதில் எனக்கு ஒரு பலனும் இல்லை, அங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி முன்கூட்டியே உஷார்ப்படுத்திவிடுகிறார்கள். பேச்சில் யார் உஷார்ப்படுத்துவது?

அடுத்த முறை நான்கு பகுதியையும் மறுபடி எழுதினேன். நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்காமல் போய் எழுதியதுதான். ஸ்பீக்கிங் 370 வந்தது.

பணம் கட்டுவதற்கு முன் இன்னும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். எல்லாச் சொல்லுக்கும் ‘இங்’ ஜோடி கிடையாது. ஸ்கேர்ட் உண்டு, கொடுப்பதற்கு ஸ்கேரி என்பார்கள். ஸ்ட்ரெஸ்ட் என்பதற்கு ஸ்ட்ரெஸ்ஃபுல், இம்ப்ரெஸ்ட் என்பதற்கு இம்ப்ரெஸிவ், டிலைட்டட் என்பதற்கு டிலைட்ஃபுல். ரிலீவ்ட் என்று நோயாளி சொல்வார், நாம் அந்தச் செய்தியை ‘ரிலீவிங்’ என்று சொல்லக்கூடாது, ‘தட்ஸ் எ ரிலீஃப்’. அப்செட் என்பதற்கு ‘அப்செட்டட்’ இல்லவே இல்லை, ஆள் அப்செட், விஷயம் அப்செட்டிங். அப்புறம் நம் ஊர் வார்டுகளின் செல்லச் சொல் ‘பெயினிங்’. ‘இஸ் இட் பெயினிங்?’ என்று நாம் ஒரு நாளில் எத்தனை பேரைக் கேட்கிறோம்! இங்கே எல்லோருக்கும் புரியும், அங்கே ‘டஸ் இட் ஹர்ட்?’ அல்லது ‘இஸ் இட் பெயின்ஃபுல்?’ என்றுதான் கேட்பார்கள். இதைப் பரீட்சைக்கு முந்தின வாரம் மாற்ற முடியாது, நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே ஆரம்பிக்க வேண்டும்.